துளசியும் மஞ்சளும் கதிர்வீச்சைத் தாங்குமா?

மணிப்பாலில் உமா தேவியும் அவரது குழுவினரும் 1990களில் துளசி இலையிலிருந்து ஓரியன்டின், வைசெனின் என்ற இரண்டு ஃபிளேவனாய்டுகளைப் பிரித்தெடுத்துச் சோதித்தார்கள். சுண்டெலிகளுக்கு வயிற்றறையில் ஊசி போட்டு, அரை மணி நேரம் கழித்து உயிரைப் பறிக்கும் அளவுக்குக் காமா கதிரைப் பாய்ச்சினார்கள். உடல் எடையில் கிலோவுக்கு வெறும் 50 மைக்ரோகிராம்தான் மருந்து. அதற்கே அந்த எலிகள் ஏறத்தாழ 1.3 மடங்கு கதிரைத் தாங்கின. அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடத்தில் உருவான அமிஃபாஸ்டின் என்ற செயற்கை மருந்து வாந்தியையும் ரத்த அழுத்த வீழ்ச்சியையும் கொண்டுவரும் என்பதால், நஞ்சு குறைந்த ஒரு மாற்று கிடைக்கும் என்று பலரும் நம்பியதில் நியாயம் இருந்தது.

ஆனால் அந்த ஊசியையும் அந்த அரை மணி நேரத்தையும் மறந்துவிட்டுத்தான் ‘துளசி கதிர்வீச்சைத் தடுக்கும்’ என்ற செய்தி ஊரெங்கும் பரவுகிறது. கதிர் பட்டதும் செல்லில் உள்ள நீர் உடைந்து ஹைட்ராக்சில் என்ற மூர்க்கமான துகள் பிறக்கிறது, டி.என்.ஏ.வைச் சிதைப்பதில் பெரும்பங்கு அதற்குத்தான். அதன் ஆயுள் நானோ நொடிகளே. அதைப் பிடிக்க வேண்டிய மருந்து, கதிர் படும்போதே செல்லுக்குள் போதிய அளவில் இருந்தாக வேண்டும். வாய்வழி சாப்பிடும் மஞ்சளின் குர்குமினோ மிகச் சொற்பமாகத்தான் ரத்தத்தில் கலக்கிறது.

குர்குமினின் கதையை ஒவ்வொரு ஆய்வாளரும் நினைவில் வைக்க வேண்டும். மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்ற 30 பெண்களிடம் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் நடந்த சிறிய ஆய்வில், தினம் 6 கிராம் குர்குமின் தோல் புண்ணைக் குறைத்தது. 2013இல் முடிவு வெளியானது. அதே கேள்வியை 686 பேரிடம் கேட்டபோது, 2018இல் வந்த விடை வேறு: போலி மாத்திரைக்கும் குர்குமினுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. பெரிய சோதனையை நடத்தி, சாதகமில்லாத முடிவையும் வெளியிட்ட அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். நம் நாட்டில் இலை இலையாகச் சாறு பிழிந்து எலியோடு நின்றுவிடும் கட்டுரைகள் ஏராளம்.

இதைவிடக் கவலை தரும் கேள்வி ஒன்று உண்டு. நல்ல செல்லைக் காக்கும் பொருள் புற்றுச் செல்லையும் காத்துவிட்டால்? கனடாவின் கியூபெக்கில் கதிர்வீச்சு பெற்ற தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 540 பேரில் ஒரு பிரிவினருக்கு வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின் கொடுத்துப் பார்த்தார்கள். பக்கவிளைவு குறைந்தது, ஆனால் நோய் அதே இடத்தில் திரும்புவது கூடும் போக்கும் தெரிந்தது. அவை மூலிகைச் சாறுகள் அல்லதான். ஆனாலும் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் எந்தப் பொருளுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். புற்றுக்கட்டி உள்ள எலியில் இதைச் சோதிக்காத ஆய்வு, என் கணிப்பில், பாதி ஆய்வுதான்.

எனக்கு நம்பிக்கை தருவது புண் வரும் இடத்திலேயே மருந்தைச் சேர்க்கும் வழி. மங்களூரில் கதிர்வீச்சு பெற்றபோது மஞ்சள் நீரால் வாய் கொப்பளித்த நோயாளிகளுக்கு, போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியைப் பயன்படுத்தியவர்களைவிடக் கடும் வாய்ப்புண் குறைவாக இருந்தது. இது சிறிய ஆய்வு; இரண்டு திரவங்களும் நிறத்திலும் சுவையிலும் வேறு என்பதால், எது தரப்பட்டது என்று நோயாளிக்குத் தெரியாமல் வைப்பதும் கடினம். இதைத்தான் பல மருத்துவமனைகள் சேர்ந்து பெரிய அளவில் சோதிக்க வேண்டும்.

வீட்டில் யாருக்காவது ‘கரண்டு வைக்கிறார்கள்’, அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சை தருகிறார்கள் என்றால், சமையலில் சேரும் மஞ்சளுக்குப் பயப்பட வேண்டாம். குர்குமின் மாத்திரையோ மூலிகைச் சாறோ தனியாகக் கொடுப்பதாக இருந்தால், முதலில் சிகிச்சை தரும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.