நாவால் பூட்டும் விலங்கு

"கிறுக்கு!" "பித்து!" "கழன்ற கேஸ்!" சந்தையிலும் சாவடியிலும் சர்வ சாதாரணமாய் உலவும் சொற்கள் இவை. சொல்பவனுக்குச் சிரிப்பு, சுமப்பவனுக்கோ சிறை!

சென்னையில், கீழ்ப்பாக்கத்திலே ஒரு மனநல மருத்துவமனை உண்டு. 1794இல் தோன்றிய நிலையம் அது. திரைப்பட நகைச்சுவையோ அது இருக்கும் இடத்தின் பெயரையே வசைமொழி ஆக்கிவிட்டது. காய்ச்சலுக்கு மருத்துவமனை சென்றவனைக் கண்டு எவரும் சிரிப்பதில்லை. "கீழ்ப்பாக்கம் போனவன்" என்றால் மட்டும் கொட்டகையே கொல்லெனச் சிரிக்கிறது. சிரித்துவிட்டு வீடு திரும்பியவனின் தமக்கைக்கு மனநோய் கண்டால், மருத்துவரிடம் அழைத்துச் செல்வானா? கதவைத் தாழிடுவான், பூசாரியைத் தேடுவான்.

எங்கள் கல்லாவிப் பக்கத்தின் நிலையும் இதுதான். சில மணி நேரப் பயணத்தில் பெங்களூர். அங்கே நாடறிந்த நிம்ஹான்ஸ் நிலையம். ஆனாலும், போகும் கால்களை "ஊர் என்ன சொல்லும்?" என்ற அச்சம் தடுக்கிறது. பேய் என்று சொல்லி வேப்பிலையால் அடித்தால் ஊர் பரிவு காட்டும். மனநோய் என்றால் பெண் கொடுக்க மறுக்கும்!

இந்தப் பேச்சின் விலை என்ன? 2001 ஆகஸ்ட் 6. ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம். விடியற்காலையில் தீ பரவியது. ஓட முடியவில்லை, காரணம், சங்கிலி! 28 மனநோயாளிகள் மாண்டனர். அந்தச் சங்கிலியை இரும்பால் அடித்தவன் கொல்லன். "இவர்கள் மனிதரல்லர்" என்று முன்பே நாவால் அடித்தவர்கள் நாம். 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் நோயாளியைச் சங்கிலியில் பிணைப்பதைத் தடை செய்தது. நாவுக்குத் தடை போடும் சட்டம் ஏது?

உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவனைக் குற்றவாளி என்றது 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம். அவன் கடும் மன அழுத்தத்தில் இருந்தான் என்றே கொள்ள வேண்டும் என்றது 2017ஆம் ஆண்டுச் சட்டம். 2024இல் வந்த புதிய தண்டனைச் சட்டம் அந்தப் பழைய பிரிவைக் கைவிட்டது. சட்டம் மாறியது, நாம் மாறினோமா? தேர்வில் தோற்று மாய்ந்த மாணவி "கோழை". 1987இல் எம்.ஜி.ஆர். மறைந்தபோது உயிர் விட்டவர்களோ "தியாகிகள்"! ஒருவருக்கு இகழ்ச்சி, மற்றவருக்குப் புகழ்ச்சி. துயரம் என்று இருவரையும் உணர்ந்தவர் எத்தனை பேர்?

ஏடுகளும் தப்பவில்லை. ஒரே காரணம், ஒரே வரி, விவரமாய் வழிமுறை என்று எழுதித் தள்ளுகின்றன. வியன்னா நகரில் 1987இல் ஏடுகள் இத்தகைய செய்திகளை அடக்கமாய் எழுதத் தொடங்கின. சுரங்க இரயில் முன் பாய்ந்து மாய்வோர் தொகை வெகுவாகக் குறைந்தது. எழுத்து உயிர் காக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

தோழர்களே, பேயை மறுக்கும் நாமே, மாற்றுக் கட்சிக்காரனை மேடையில் "பைத்தியக்காரன்" என்கிறோமே, அது எந்தப் பகுத்தறிவு? சாதிப் பெயரால் இழிப்பது தவறு என்று கற்ற நாவு, நோயின் பெயரால் இழிப்பதையும் விட வேண்டாமா?

வாழ்வு வெறுத்துவிட்டது என்று ஒருவன் சொன்னால் நகையாதீர், நீதி போதியாதீர். அருகில் அமருங்கள், கேளுங்கள், தனியே விடாதீர்கள், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 104, 14416 என்ற எண்களில் தொலைபேசி உதவி உண்டு. பேயை ஓட்டிவிட்டோம் என்று பெருமைப்படும் முன், நம் நாவில் குடியிருக்கும் பேயை ஓட்டுவோம்!