கடிகாரம் காத்திருக்கும் பந்தயம்

இங்கிலாந்தின் வூஸ்டர்ஷையரில் ஷெல்ஸ்லி வால்ஷ் என்றொரு சின்ன ஊர். அங்கே மரங்களுக்கு நடுவே மேட்டில் ஏறும் ஒற்றைப் பாதையின் நீளம் 1000 கெஜம். 1905 ஆகஸ்டில் அதில் கார்களை ஏற்றி நேரம் பார்த்தார்கள். அப்போது பாதை சில கெஜம் குறைவு. டெய்ம்லர் கார் ஓட்டிய இன்ஸ்டோன் 77.6 வினாடியில் மேலே போனார். இன்றைய சாதனை நேரம் 23 வினாடிக்கும் குறைவு.

இப்படி மேடேறும் ஹில்கிளைம்ப் பந்தயத்தில் பக்கத்தில் போட்டிக் கார் கிடையாது. ஒவ்வொருவராக ஏற வேண்டும். இதில் நான் மிகவும் ரசிப்பது கிளம்பும் கணம்தான். கோட்டில் நின்றதும் மார்ஷல் ஒருவர் பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுக்கிறார். கார் பின்னால் உருளாது, பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்க வேண்டாம். காரின் மூக்கில் நிற்கும் தகடு ஒளிக்கற்றைக்கு நேரே வரும்படி அங்குலம் அங்குலமாக நகர்த்தி நிறுத்துகிறார்கள். பச்சை விளக்கு எரிகிறது. உடனே பாய வேண்டியதில்லை. தகடு கற்றையை வெட்டும்போதுதான் கடிகாரம் ஓடத் தொடங்கும். மூச்சை இழுத்துவிட்டு, மனம் கூடி வந்த பிறகு கிளட்சை விடலாம்.

முதல் 64 அடிக்குத் தனியாக நேரம் எடுப்பார்கள். டயர் கிறீச்சிட்டுப் புகை கிளம்பினால் கூட்டம் ஆர்ப்பரிக்கும். ஆனால் வெறுமனே சுழலும் சக்கரம் நேரத்தைத் தின்கிறது. நல்ல புறப்பாட்டைக் காதிலேயே பிடித்துவிடலாம்: இன்ஜின் ஒலி ஒரு கணம் அமுங்கி, பிறகு சீராக ஏறும்.

ஷெல்ஸ்லியில் மேலே இடமும் வலமுமாக அடுத்தடுத்து வரும் 'எஸ்' வளைவுகள். கடைசி நொடிவரை பிரேக் போடாமல் வருபவர் கண்ணைப் பறிப்பார். என் வாக்கோ, இரண்டாவது வளைவிலிருந்து சீக்கிரம் ஆக்சிலரேட்டரை மிதிப்பவருக்குத்தான். அதன்பின் முடிவுக்கோடுவரை நேர்ச்சாலை. வளைவில் சேர்த்த வேகம் அதுவரை கூடவே வரும்.

இதில் இறங்கப் பந்தயக் கார் வேண்டியதில்லை. அன்றாடம் ஓட்டும் காருக்கே தனிப் பிரிவு உண்டு. மோட்டார்ஸ்போர்ட் யுகே அமைப்பின் உரிமம், தரமுத்திரையுள்ள ஹெல்மெட், தீப்பிடிக்காத அங்கி, கையுறை ஆகியவை வேண்டும். காரில் அந்த முகப்புத் தகடு. பேட்டரியின் எர்த் வயரில் மஞ்சள் டேப். இக்னிஷனை அணைப்பது எந்தப் பக்கம் என்று குறி. விபத்து நேர்ந்தால் ஓடிவரும் மார்ஷல் தேடி நிற்கக் கூடாது என்பதற்குத்தான் பின்னவை இரண்டும்.

புதிதாக வருபவருக்கு முதலில், சமதளத்தில் இதேபோல ஒவ்வொருவராக ஓடும் ஸ்பிரிண்ட்டைத்தான் சொல்வேன். லிச்ஃபீல்டு அருகே கர்பரோ போன்ற தடங்களில் தவறினாலும் பெரும்பாலும் புல்லில்தான் போய் நிற்பீர்கள். மலைப் பாதையில் விளிம்பிலேயே மண்மேடு. மலைக்குப் போகும் நாளில், காலையிலேயே பாதையை நடந்து பாருங்கள். மரநிழலில் ஈரம் காயாத இடம் காரிலிருந்து தெரியாது.

முடிந்தால் ஒரே காரை நண்பரோடு பங்கிட்டு ஓட்டுங்கள், விதி அனுமதிக்கிறது. செலவு பாதியாகும் என்பது இருக்கட்டும். அதே கார், அதே டயர், சில நிமிட இடைவெளி. நேரத்தாளில் அவர் அரை வினாடி முந்தியிருந்தால் அது எந்த வளைவில் போயிற்று என்று இருவரும் மதியம் முழுக்கப் பேசலாம். அடுத்த ஓட்டத்தில் அங்கே போய்ப் பார்த்துவிடலாம்.