கூடத்துக்குள் வந்த டென்னிஸ்

ஒரு விளையாட்டுப் பொறியைப் பற்றி இலக்கிய ஏட்டில் எழுதுவதா என்று முகம் சுளிப்போர் சிலர் இருக்கக்கூடும். மக்கள் தம் ஓய்வுப் பொழுதை எதனிடம் ஒப்படைக்கிறார்களோ அது விமர்சகனின் கவனத்துக்கு உரியதே என்பதுதான் அவர்களுக்கு நாம் கூறக்கூடிய விடை. 2006ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானிய நிறுவனமான நிண்டெண்டோ 'வீ' என்னும் வீட்டுப் பொறியை வெளியிட்டது. பெரும்பாலான நாடுகளில் அதனுடன் சேர்த்தே விற்கப்பட்ட 'வீ ஸ்போர்ட்ஸ்' என்ற தொகுப்பு 8 கோடியே 20 இலட்சம் பிரதிகளுக்கு மேல் பரவிற்று. எந்த நாவலாசிரியனுக்குக் கிட்டியது இத்தகைய வாசகர் கூட்டம்! அத்தொகுப்பின் ஐந்து விளையாட்டுக்களில் டென்னிஸ் ஒன்று. அந்த ஒன்றைப் பற்றியே இங்கு பேச விரும்புகிறேன்.

கல்முனைக் கரையில் டென்னிஸ் யாருடைய விளையாட்டு? கல்முனைக்குடியிலோ சாய்ந்தமருதிலோ மருதமுனையிலோ ஒரு சிறுவனை நிறுத்திக் கேட்டால் டென்னிஸ் பந்தைத் தனக்கு நன்றாகத் தெரியும் என்பான். ஆனால் அவன் அறிந்தது கிரிக்கெட்டு ஆடும் பந்து. அந்தப் பந்து பிறந்த ஆடுகளத்தை அவன் மிதித்ததில்லை. 1874இல் இங்கிலாந்தில் விங்ஃபீல்ட் என்ற படை அதிகாரி காப்புரிமை பெற்றுப் பரப்பிய இவ்வாட்டம், துரைமாரின் புல்வெளிகளோடும் உத்தியோகத்தரின் சங்கங்களோடும் குடியேற்ற நாடுகளுக்கு வந்தது. அது கேட்பது நிலம். அந்த நிலத்தைப் பேணக் கூலியாள். உயர்ந்த விலையில் மட்டை. மேற்கே வயலும் கிழக்கே கடலும் நெருக்க, வீட்டோடு வீடு ஒட்டி நிற்கும் நமது ஊர்களில், இரண்டுபேர் பந்தடிப்பதற்காக அவ்வளவு நிலத்தை யார் ஒதுக்குவார்?

இந்தச் சூழ்நிலையில்தான் வளைகுடா நாட்டில் உழைக்கும் தகப்பனோ தமையனோ விடுமுறைக்குக் கொண்டுவந்த பெட்டியிலிருந்து இப்பொறி வெளிப்படுகிறது. தொலைக்காட்சியின் முன்னே பாயைச் சுருட்டி வைத்துவிட்டால் ஆடுகளம் தயார். கையில் ஒரு வெள்ளைக் கோல். அசைவின் வேகமாற்றத்தை அளக்கும் சிற்றுணரி ஒன்று அதனுள் இருக்கிறது. கோலை வீசினால் திரையிலுள்ள பொம்மை மட்டையை வீசும். சற்று முந்தி வீசினால் பந்து ஒரு பக்கமும் பிந்தி வீசினால் மறுபக்கமும் போகும். கற்க வேண்டிய இலக்கணம் அவ்வளவே. முந்திய பொறிகள் பத்துப் பொத்தான்களின் பயன்களை மனனம் செய்யும்படி கேட்டன. பழகிய இளைஞர் மட்டுமே அவற்றை ஆள முடிந்தது. இங்கோ உம்மாவும் பள்ளிக்குச் செல்லாத சின்னத் தம்பியும் முதல் நிமிடத்திலேயே ஆட்டக்காரர் ஆகிவிடுகின்றனர். இதை அற்பமான சாதனை என்று நான் கருதவில்லை. மொழி எளிமையானால் இலக்கியம் பலருக்கு உரியதாகும் என்று வாதிடுகின்ற நாம் இதை எப்படி அற்பம் என்போம்?

இந்த எளிமை புதியது என்று எண்ணிவிடவும் கூடாது. 1958 ஒக்டோபரில் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுகூடத்தைப் பார்க்க வந்த பொதுமக்களின் சலிப்பைப் போக்க வில்லியம் ஹிகின்பொதம் என்ற பௌதிகவியலாளர் ஓர் அலைகாட்டியின் சிறு வட்டத் திரையில் டென்னிஸ் ஆட்டம் ஒன்றை அமைத்தார். நடுவே வலை, மேலெழுந்து விழுந்து துள்ளும் ஒளிப்புள்ளி, இருவர் கையில் இரு பெட்டிகள். ஏவுகணையின் பாதையைக் கணிக்க உதவும் அதே வகைக் கணிப்பொறியே பந்தின் பாதையையும் கணித்தது. இம்மனிதர் யார்? அணுகுண்டுக்கான மின்சுற்றுக்களை அமைத்த லொஸ் அலமொஸ் குழுவில் இருந்தவர். பின்னர் அணு ஆயுதப் பரவலுக்கு எதிராக இயங்கிய விஞ்ஞானிகள் சங்கத்தை நிறுவியவர்களுள் ஒருவர். தம் விளையாட்டுக்கு அவர் காப்புரிமை தேடவில்லை. அடுத்த ஆண்டும் காட்டிவிட்டுக் கழற்றி வைத்துவிட்டார். 1972இல் றால்ஃப் பேயரின் எண்ணத்தில் உருவான 'ஒடிசி'யும் அட்டாரி நிறுவனத்தின் 'பொங்'கும் சந்தைக்கு வந்த பிறகே இது வியாபாரம் ஆயிற்று. பின்னர் வழக்கும் வந்தது. அக்கதை நமக்கு இங்கு வேண்டியதில்லை.

மருதமுனைத் தறியில் நாடா இடமும் வலமும் ஓடுவதைக் கண்டவர்களுக்குப் 'பொங்'கின் கவர்ச்சியை விளக்க வேண்டியதே இல்லை. போய்த் திரும்பி வரும் ஒன்றில் கண் தானாகப் பதிந்துவிடுகிறது. வேறுபாடு, நாடா ஓடினால் துணி வளர்கிறது என்பதே.

நிற்க. 'வீ'யின் டென்னிஸ் எதை விட்டுவிட்டது என்று பார்ப்போம். எல்லாக் கலையும் சிலவற்றை விட்டே சிலவற்றைக் காட்டும். விட்டது எது என்பதில்தான் படைப்பின் நோக்கு வெளிப்படும். இங்கே விடப்பட்டது ஓட்டம். பொம்மை தானாகவே பந்திருக்கும் இடத்துக்கு ஓடிவிடுகிறது. டென்னிஸ் வீரனின் மூச்சைத் தின்னும் உழைப்பு அத்தனையும் பொறியின் பங்கு. அடிக்கும் கணம் மாத்திரம் மனிதனின் பங்கு. வியர்வையின்றி வெற்றி! சோபாவில் சாய்ந்தபடி மணிக்கட்டை மட்டும் சுண்டினாலும் போதும் என்பதை நமது பிள்ளைகள் இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஆயினும் எல்லோரும் அப்படி ஆடுவதில்லை என்பதுதான் சுவையான செய்தி. தேவையில்லாதபோதும் எழுந்து நின்று முழுக் கையையும் வீசுகிறார்கள். கோலைப் பிணைத்த நாடா அறுந்து பறந்ததால், 2006 டிசம்பரில் அந்நிறுவனம் 32 இலட்சம் நாடாக்களை மாற்றித்தர முன்வர நேர்ந்தது. உடல் தன் பங்கைக் கேட்கிறது, பொறி கேட்கவில்லை.

இன்னொரு நுட்பம் உண்டு. இவ்வாட்டம் எப்போதும் இரட்டையர் ஆட்டமே. நால்வர் கூடினால் ஆளுக்கொரு பொம்மை. தனியே ஆடுபவனுக்கோ முன்னே நிற்பதும் அவன் உருவம், பின்னே நிற்பதும் அவன் உருவம். அவனுடைய தோழன் அவனே! தோழன் தவறியதாகக் கடிந்துகொள்ளவும் வழியில்லை. தனிமனித வாதத்தின் எல்லையை இதைவிடத் தெளிவாகக் காட்டிய சித்திரத்தை நான் கண்டதில்லை. அதை வரைந்தவர் அறிந்து வரைந்தார் என்று கூறமாட்டேன்.

உண்மையான டென்னிஸ் உலகத்துக்குள் இருக்கிறது. 1974இல் டேவிஸ் கிண்ண இறுதிக்குத் தகுதி பெற்ற இந்திய அணி, சென்னையின் விஜய், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள் இடம்பெற்றிருந்த அணி, நிறவெறி ஆட்சி நிலவிய தென்னாபிரிக்காவுடன் ஆட மறுத்துக் கிண்ணத்தைக் கைவிட்டது. அத்தகைய மறுப்புக்கு இத்திரையில் இடம் இல்லை. பிற நிறுவனங்களின் டென்னிஸ் ஆட்டங்கள் உண்மை வீரர்களின் முகங்களைத் தத்ரூபமாக வரைந்து தருகின்றன. அதை யதார்த்தம் என்று கொண்டாடுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. தோலின் பளபளப்பு யதார்த்தமாகிவிடாது. கையின் வீச்சை ஆட்டத்துக்குள் கொணர்ந்த பொம்மை ஆட்டத்தில் அதைவிட அதிக உண்மை உள்ளது.

இப்பொறியை வெறும் போதை என்று ஒதுக்கும் பெரியோரை ஒன்று கேட்கலாம். நமது ஊர்களில் மாலை வேளையில் மைதானம் யாருடையது? ஆண் பிள்ளைகளுடையது. கடற்கரையும் அவர்களுடையதே. 2004 டிசம்பர் 26ஆம் நாள் பேரலை இக்கரையை அழித்த பின், கிழக்கில் 200 மீற்றருக்குள் மீளக் கட்டக்கூடாது என்றார்கள். குடும்பங்கள் உள்ளே நெருங்கின. முற்றங்கள் மேலும் சுருங்கின. இந்நிலையில் பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி கையை முழுதாக வீசி, உரக்கச் சிரித்து, காக்காவைத் தோற்கடிக்கக் கிடைத்த இடம் அந்தக் கூடம் ஒன்றே என்றால், குற்றத்தைப் பொறியின் மேல் சுமத்துவது எவ்வாறு? பாடசாலை மைதானத்தில் வாரம் இரு மாலைகளேனும் அவளுக்கென ஒதுக்கும்படி பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேட்பது ஆசிரியர்களால் இயலும். அதுவரை அவளிடமிருந்து அந்தக் கோலைப் பறிக்க நமக்கு உரிமை இல்லை.

'வீ'யின் உற்பத்தி 2013இல் நின்றுவிட்டது. அதன் வாரிசுகள் வந்துவிட்டன. கிளித்தட்டையும் இவ்வாறு பொறிக்குள் கொணரலாமே என்று மாணவர் ஒருவர் என்னிடம் கேட்டார். ஆசை நல்லதே. ஆனால் மணலில் கீறிய கோடுகளுக்கிடையே கிளியை ஏய்த்துப் புகுவதும் திரும்புவதும் முழுவதும் காலின் வேலை. கைக்குத் தொடுவது தவிர அதில் வேறு பணியில்லை.