கூரைக்குள் ஒரு வானம்

வெயிலுக்குப் பயந்து பிள்ளைகளோடு மாலுக்குள் ஒதுங்குவது கோபாலபுரத்து வீடுகளிலும் வழக்கமாகிவிட்டது. என் ஓட்டு பிர்லா கோளரங்கத்துக்குத்தான். அடையாற்றுப் பாலத்தைத் தாண்டினால் கோட்டூர்புரம்; கோளரங்கம் அங்கே 1988-இல் திறந்தது.

அங்கே நான் ரசிப்பது குவிமாடத்தை. குறுக்களவு 15 மீட்டர். அலுமினியத் தகடு முழுக்கப் பொடிப்பொடியாய் ஓட்டை. படம் விழ வேண்டிய திரையில் ஓட்டை எதற்கு? பின்னாலிருக்கும் ஒலிபெருக்கியின் சத்தம் தடையில்லாமல் வர. கூடவே, வளைந்த கூரைக்குள் எதிரொலி சுற்றிச் சுற்றிக் காதைக் குடையாமலிருக்க. விளக்கு எரியும்வரை அது வெறும் கூரை. வெளிச்சம் மெல்ல மங்கும். கண் இருட்டுக்குப் பழக வேண்டுமே. அதற்குள் எங்காவது ஒரு குரல் கிளம்பும்: "தாத்தா, பயமா இருக்கு, போலாம்." நட்சத்திரங்கள் முளைத்ததும் அதே குரல், "அது என்ன தாத்தா?" தாத்தாவுக்கும் தெரியாது. "பேசாம பாரு" என்பார்.

பாதி அப்பாக்கள் தூங்கிவிடுவார்கள். நாற்காலியின் சாய்வு அப்படி! வெளியே வந்தால் அதே வளாகத்தில் அறிவியல் மையக் கூடங்கள். எந்தப் பொத்தானை யார் முதலில் அமுக்குவது என்று வாண்டுகளுக்குள் தள்ளுமுள்ளு.