‘லெட் மீ டவுன் ஈஸி’: ஒரு நாடக மதிப்புரை

அமெரிக்க நாட்டு நடிகையும் நாடகாசிரியையுமாகிய அன்னா டெவீர் ஸ்மித் அம்மையார், நோயையும் வைத்தியத்தையும் சாவையும் குறித்து மூன்று கண்டங்களில் 300 பேருக்கு மேற்பட்டோரை நேரிற் கண்டு பேசினார். அவர்களுள் ஏறக்குறைய 20 பேருடைய பேச்சைத் தெரிந்தெடுத்துத் தாம் ஒருவராகவே மேடையில் நடித்துக் காட்டிய நாடகமே ‘லெட் மீ டவுன் ஈஸி’. ‘என்னை மெல்ல இறக்கிவிடு’ என்பது அதன் பொருள். 2008இல் நியூ ஹேவன் நகரில் அரங்கேறி, அந்நாட்டார் வைத்தியச் செலவுச் சட்டத்தைப் பற்றிக் கடுமையாக வாதிட்டுக்கொண்டிருந்த 2009இல் நியூயார்க்கில் நடந்து, 2012இல் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. யாம் கண்டது அத்தொலைக்காட்சிப் பதிவே.

ஒருவரே பலராகப் பேசுவது நமக்குப் புதிதன்று. கதாகாலட்சேபம் செய்யும் பாகவதர் இராமனாகவும் கைகேயியாகவும் பேசக் கேட்டவர்களே நாம். ஆயின் பாகவதர் தம் சரக்கையும் இடையிடையே கலப்பார். முடிவில் நீதியும் புகட்டுவார். இவ்வம்மையாரோ, பேசியவரின் திக்கலையும் பாதியில் முறிந்த வாக்கியத்தையும்கூட மாற்றாது ஒப்புவிக்கின்றார். நீதியை நம்மிடமே விட்டுவிடுகின்றார்.

மருத்துவக் கல்லூரியொன்றில் உயர் பதவி வகிக்கும் மாது ஒருவர் நோயாளியாகப் படுத்திருக்கின்றார். அவருடைய கோப்பைக் காணோம் என்கின்றனர். தாம் இன்னார் என்று அவர் தெரிவித்ததும் கோப்பு விரைவிலேயே அகப்பட்டுவிடுகின்றது! சபையோர் நகைக்கின்றனர். செக்ரோலும் பேரேடும் எழுதியே பிழைக்கும் எமக்கு நகை வரவில்லை. பதவியற்ற ஒருத்தியின் கோப்பு எப்பொழுது அகப்பட்டிருக்கும்? தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசர் பெயர் கூப்பிடும்வரை வாசலில் குந்தியிருந்த குடும்பத்தார்க்கு இக்கேள்வியை விளக்க வேண்டுவதில்லை.

நாடகத்தின் உச்சம் எமது கருத்தில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து வைத்தியரின் பேச்சே. 2005இல் கத்ரீனா என்னும் பெரும்புயல் அந்நகரை வெள்ளத்தில் ஆழ்த்தியபோது, சாரிட்டி என்னும் ஏழைகளின் வைத்தியசாலையில் நோயாளிகளும் தாதியரும் மின்சாரமின்றி நாட்கணக்கில் மீட்பை எதிர்நோக்கிக் கிடந்தனர். தனியார் வைத்தியசாலையில் இருந்தோர் அவர்களுக்கு முன்னரே வெளியேற்றப்பட்டனர். சர்க்கார் தம்மைக் கைவிடும் என்பதை வெள்ளையரான அவ்வைத்தியரால் நம்ப முடியவில்லை. ஏழை நோயாளிகளுக்கோ அதில் வியப்பே இல்லை. அவ்வியப்பின்மையை அம்மையார் குரலை உயர்த்தாமலே நடிக்கின்றார். (அவ்வைத்தியசாலை பின்னர்த் திறக்கப்படவேயில்லை.)

குறையும் உண்டு. பிரபலஸ்தர்களுக்கு இத்துணை இடம் எதற்கு? சைக்கிள் வீரர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் புற்றுநோயை வென்ற தம் உடலைப் பற்றிப் பேசுகின்றார். அதே 2012இல் அவருடைய பட்டங்கள் பறிக்கப்பட்டன. 2013இல் தடைசெய்யப்பட்ட மருந்துகளை உட்கொண்டதாக அவரே ஒப்புக்கொண்டார். சொன்னதைச் சொன்னபடியே காக்கும் நாடகம் இதைத் திருத்த இயலாது. அது அம்மையாரின் பிழையுமன்று. செல்வர்க்குக் கிட்டும் வைத்தியத்தையும் எளியோர்க்குக் கிட்டுவதையும் அருகருகே வைக்கவே அவர்கள் வருகின்றனர் எனலாம். அதற்கு இருவர் போதும். வீரர், அழகி, குத்துச்சண்டைக்காரர் என்று நீளும்போது சாரிட்டியில் கிடந்தோரின் நேரம் குறைகின்றது.

இறுதியை நெருங்கும்போது தென்னாப்பிரிக்காவில் ஓர் அனாதை விடுதியை நடத்தும் பெண்மணி வருகின்றார். எய்ட்ஸ் நோயால் இறக்கும் குழந்தைகளிடம் உண்மையை மறைக்காமல், அவர்களை இருட்டில் விடாமல் உடனிருப்பதைச் சொல்கின்றார். அலங்காரம் ஏதுமில்லை. அதன்பின் நாடகத்தை முடித்துவைக்க வரும் பௌத்தத் துறவி வாராதிருப்பினும் எமக்குக் குறை தோன்றியிராது.