ரைசன் 5 5500, ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி: நான்கு லேன்களின் விலை

ரைசன் 5 5500 பிராசசரையும் ரேடியான் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கிராஃபிக்ஸ் கார்டையும் ஒரே கணினியில் மாட்டினால், அதன் கேமிங் தரத்தை முடிவு செய்வது இரண்டுக்கும் நடுவிலுள்ள பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்புதான். இரண்டும் ஏஎம்டி 2022இல் வெளியிட்டவை. ஆறு கோர், 4 ஜிபி கிராஃபிக்ஸ் நினைவகம், 1080பி கேமிங் என்பதெல்லாம் வாங்குவோர் அறிந்த விவரங்கள். அந்த இணைப்பில் தரவு செல்லும் பாதைகளான லேன்கள் இந்தக் கார்டுக்கு நான்கே என்பது அவ்வளவாக யார் கண்ணிலும் படாத விவரம். பல மாடல்களில் ஸ்லாட்டில் செருகும் முனை முழு நீளமாக இருப்பதால், பதினாறு லேன் கார்டு என்றே தோன்றும்.

பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0இல் நான்கு லேன்கள் ஒரு திசையில் நொடிக்கு ஏறக்குறைய 8 ஜிபி தரவைக் கடத்தும். 3.0இல் அது பாதியாகி 4 ஜிபி ஆகிவிடும். ரைசன் 5 5500 ஆதரிப்பது 3.0 மட்டுமே. கூடுதல் பணம் கொடுத்து பி550 மதர்போர்டு வாங்கினாலும் இது மாறாது. பிராசசரிலிருந்து கார்டுக்குப் போகும் லேன்கள் பிராசசருக்கே உரியவை.

கேமின் டெக்ஸ்சர்கள் எல்லாம் 4 ஜிபிக்குள் அடங்கும்வரை இந்தக் குறை தலைகாட்டாது. கார்டின் சொந்த நினைவகம் நொடிக்கு 144 ஜிபி வேகத்தில் தரவைத் தரும். அந்த 4 ஜிபி நிரம்பியதும் மீதி டெக்ஸ்சர்கள் கணினியின் ரேமுக்குப் போகின்றன. தேவைப்படும்போது அங்கிருந்து லேன்கள் வழியே வரவேண்டும். ஏரி நிறையத் தண்ணீர் இருந்தும் மதகு குறுகலானால் வயல் காயும். 144 எங்கே, 4 எங்கே?

திரையில் இது தெரியும் விதம்தான் எரிச்சலூட்டுவது. வேலரன்ட், ராக்கெட் லீக் போன்றவை குறையில்லாமல் ஓடுகின்றன. அவற்றை மட்டும் ஆடுபவருக்குச் சிக்கலே தெரியாது. திறந்த உலக கேம்களில் வண்டியை வேகமாக ஓட்டினாலோ கேமராவைச் சட்டென்று திருப்பினாலோ படம் ஒரு கணம் நின்று துள்ளுகிறது. சராசரி ஃப்ரேம் எண்ணிக்கை மரியாதையாகவே இருக்கும். மிக மெதுவான 1 சதவீத ஃப்ரேம்களைக் கணக்கிட்டால்தான் உண்மை வெளிவரும். டூம் எடர்னல் போல நினைவகத்தை அதிகம் கேட்கும் கேமில் டெக்ஸ்சர் அளவைக் கூட்டினால் சராசரியும் சேர்ந்தே சரிகிறது. சராசரியை மட்டும் காட்டும் ஒப்பீட்டுப் படங்களை நம்பி இந்த ஜோடியை வாங்கக்கூடாது.

இந்தப் பொருத்தமின்மைக்கு இரண்டு சிப்புகளின் பிறப்பே காரணம். 5500 என்பது லேப்டாப்புக்கும் பயன்பட்ட செசான் சிப். உள்ளிருக்கும் கிராஃபிக்ஸ் பகுதியை முடக்கி டெஸ்க்டாப்புக்கு விற்கிறார்கள். எல்3 கேஷ் 16 எம்பி, ரைசன் 5 5600இல் இருப்பதில் பாதி. 6500 எக்ஸ்டியின் நாவி 24 சிப்பும் லேப்டாப்பை மனதில் வைத்து வடிவமைத்ததே. வீடியோவை என்கோட் செய்யும் பகுதி லேப்டாப் பிராசசரிலேயே இருக்கும் என்பதால் கார்டில் அதை விட்டுவிட்டார்கள். 5500இல் அந்தப் பகுதியும் முடங்கிக் கிடக்கிறது. ஆகவே ஆட்டத்தைப் பதிவு செய்யும் சுமை முழுவதும் கோர்களின் தலையில் விழுகிறது. யூடியூபில் கேமிங் சேனல் தொடங்க நினைக்கும் மாணவருக்கு இது சிறிய இழப்பல்ல.

ஏஎம்4 சாக்கெட்டை இத்தனை ஆண்டுகள் கைவிடாமல் காத்ததற்கு ஏஎம்டியை மனதாரப் பாராட்டவேண்டும். 2017இல் வந்த பி350 மதர்போர்டுகள் பலவற்றில் பயாஸைப் புதுப்பித்தால் ரைசன் 5000 வரிசை ஓடுகிறது. ஆனால் அந்தப் பழைய போர்டுகளும், பி450, ஏ520 போன்ற விலை குறைந்த போர்டுகளும் கார்டு ஸ்லாட்டுக்குத் தருவது 3.0தான். சிக்கனக்காரர்களிடம் இருப்பது பெரும்பாலும் அந்த வகைப் போர்டு என்று தெரிந்தும், அவர்களுக்கான கார்டில் லேன்களை வெட்டியது ஏற்கத்தக்கதல்ல. 2016இல் இதே நிறுவனத்தின் 4 ஜிபி ஆர்எக்ஸ் 480 அறிமுகமான விலை 199 டாலர்; அதில் பதினாறு லேன்கள் இருந்தன. ஆறு ஆண்டு கழித்து அதே 199 டாலருக்கு அதே 4 ஜிபி, லேன்கள் நான்கு. இன்றைய கேம்களுக்கு 4 ஜிபி போதாது என்று 2020இல் எழுதியதும் ஏஎம்டிதான்.

பிராசசர், கார்டு பெயர்களைக் கொடுத்தால் எத்தனை சதவீதம் ‘பாட்டில்நெக்’ என்று சொல்லும் இணையக் கணிப்பான்களை ஒதுக்கிவிடலாம். எந்தக் கேம், எந்த ரெசல்யூஷன், எவ்வளவு நினைவகம் என்று பார்க்காமல் தரும் ஒற்றை எண்ணுக்குப் பொருளில்லை. ஜிபியு-இசட் மென்பொருளில் ‘பஸ் இன்டர்ஃபேஸ்’ வரியைக் கார்டு சுமையில் இருக்கும்போது பார்த்தால் எத்தனை லேன், எந்தத் தலைமுறை என்பது தெரிந்துவிடும். சும்மா இருக்கும்போது மின்சாரம் சேமிக்க வேகம் குறைந்தே காட்டும்.

ஏற்கெனவே இந்த ஜோடியை வாங்கியவர்கள் முதலில் குறைக்கவேண்டியது டெக்ஸ்சர் தரத்தை. நிழல், புல் அடர்த்தியெல்லாம் பிறகு. நினைவகப் பயன்பாடு 4 ஜிபியைத் தொடாமல் இருந்தால் துள்ளல் பெரும்பாலும் அடங்கும். ரேமை ஒரே 16 ஜிபியாகப் போடாமல் இரண்டு 8 ஜிபியாகப் போடுவதும், பயாஸில் எக்ஸ்எம்பியையும் ரீசைசபிள் பார் வசதியையும் இயக்குவதும் அதிகச் செலவில்லாத உதவிகள்.

புதிதாக வாங்குவோருக்குப் பாதை தெளிவு. 5500 ஏற்கெனவே கையில் இருந்தால் ஆர்எக்ஸ் 6600 கார்டைச் சேர்க்கலாம்: 8 ஜிபி நினைவகம், எட்டு லேன்கள், 132 வாட். 3.0இலும் நொடிக்கு 8 ஜிபி கிடைக்கும். 1080பியில் நினைவகம் நிரம்புவதும் அரிது என்பதால் லேன் குறை உறுத்தாது. என்கோட் வசதியும் உண்டு. 6500 எக்ஸ்டி ஏற்கெனவே இருப்பவர் 4.0 தரும் பிராசசரையும் போர்டையும் தேடட்டும்: பி550 போர்டில் ரைசன் 5 5600, அல்லது 4.0 ஸ்லாட் உள்ள எச்610 போர்டில் இன்டெல் கோர் ஐ3-12100எஃப். அந்த ஐ3இல் நான்கே கோர்கள் இருந்தும் இந்தக் கார்டுக்கு அது 5500ஐவிட நல்ல துணை. 5500ஐயும் 6500 எக்ஸ்டியையும் ஒன்றாகப் புதிதாக வாங்குவதற்கு, விலை எவ்வளவு இறங்கினாலும், பரிந்துரை இல்லை.