துடைப்பதும் அழிப்பதும்: பழைய கட்டட மாதிரியுருக்கள் குறித்து

நமது பள்ளிவாசல்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் கல்வெட்டையும் காணி உறுதியையும் தேடுகிறார்கள். பலகை, காட்போட் மட்டை, தகரம், கண்ணாடி எல்லாம் சேர்த்துச் செய்த பழைய கட்டட மாதிரியுருவை ஓர் ஆவணமாக எண்ணுவோர் குறைவு. மங்கிப்போனால், "பெயின்ட் ஒன்டு அடிச்சா புதுசாயிடும்" என்பதோடு கதை முடிந்துவிடும். இந்த மனப்போக்கோடுதான் எனக்குப் பிணக்கு.

ஸ்டீபன் இல்லெஸ் என்ற ஹங்கேரியர் பைத்துல் முகத்தஸ் நகரைத் துத்தநாகத்தில் 1:500 அளவில் செய்தார். 1873இல் வியன்னா உலகக் கண்காட்சியில் வைக்கப்பட்ட அந்த மாதிரியுரு, பின்னர் ஜெனீவாவில் மறக்கப்பட்டுக் கிடந்து, 1984இல் கண்டெடுக்கப்பட்டது. இன்று ஜெருசலேமின் தாவீது கோபுர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஸலாஹுத்தீன் ஐயூபியின் மகன் அல்-அஃப்ழல் வக்ஃபு செய்த மக்ரிபியர் குடியிருப்பு 1967 ஜூனில் தரைமட்டமாக்கப்பட்டது. அதற்கு 94 ஆண்டுகளுக்கு முந்திய நகரம் அந்தத் துத்தநாகத்தில் நிற்கிறது. இடையில் யாராவது அதை "இப்ப இருக்கிற மாதிரி" திருத்தியிருந்தால் எதை இழந்திருப்போம்?

நம்மிடமும் பழைய பள்ளிகள் இடிக்கப்பட்டுப் பெரிதாக எழும்புகின்றன. அப்போது மாதிரியுருவே கடைசிச் சாட்சியாகிவிடலாம். ஆனால் நானிருக்கும் பெரியகல்லாறு தொட்டுக் காத்தான்குடி வரை ஒருபுறம் கடல், மறுபுறம் வாவி. உப்புக்காற்று தகரத்தைத் தின்கிறது. ஈரத்தில் பசை இளகி மட்டை நெளிகிறது.

பல பொருள் சேர்ந்ததில் ஒன்றுக்கு மருந்து மற்றொன்றுக்கு நஞ்சு. ஈரத்துணி கண்ணாடிக்குச் சரி, மட்டைக்குக் கேடு. தின்னர் தகரத்தின் பிசுக்கை எடுக்கும், பெர்ஸ்பெக்ஸை வெடிக்கச் செய்யும். சிப்பி பதித்த வேலையைப் புதுப் பலகைப் பெட்டிக்குள் அடைத்தால், பலகையிலிருந்து வரும் அமில ஆவியே சிப்பியை அரிக்கும். ஆகவே முதலில் எல்லாப் பக்கமும் படம் பிடித்து, அளவெடுத்து, கழன்ற துண்டுகளை எங்கே கிடந்தன என்று குறித்து வைக்க வேண்டும். பிறகு மென்மையான தூரிகையால் உலர்ந்த தூசியை மட்டும் எடுக்கலாம். இறுகினால் பிரியாத பசை வேண்டாம். விடுபட்ட பகுதியை ஊகித்துச் செய்து சேர்க்கவும் வேண்டாம்.

2015இல் காத்தான்குடியில் பூர்வீக நூதனசாலை திறக்கப்பட்டது நமக்குப் பெருமை. காட்சிப்படுத்துவதில் காட்டிய ஆர்வத்தைப் பராமரிப்பிலும் காட்ட வேண்டும். இது பள்ளி நிருவாகங்களுக்கும் பொருந்தும். புதுப் பள்ளி எழும்பட்டும். அதற்கு நான் எதிரில்லை. பழைய மாதிரியுருவின் மங்கிய நிறத்தில் கைவைக்குமுன், அந்தப் பள்ளியில் தொழுத முதியவர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டுங்கள். எந்தக் கதவு எங்கே இருந்தது, ஹவ்ழு எந்தப் பக்கம் என்று அவர் சொல்வதை எழுதி அதன் பக்கத்திலேயே வையுங்கள்.